உப்பு போடாதவளுக்குப் பதினாறு ஓட்டு

— வெளிய வாங்க அண்ணி... எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க.

— நிக்கட்டும்.

— எவ்வளவு நேரம்தான் இந்த மைதா மூட்டை மேல உக்காந்திருப்பீங்க? முதுகெல்லாம் வெள்ளை. புதுசா சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கீங்க.

— சுவராவே இருந்துட்டுப் போறேன். சுவரை யாரும் மேஸ்திரி ஆக்க மாட்டாங்க.

— ஆக்கிட்டாங்களே! பதினெட்டு ஓட்டுல பதினாறு. மேஸ்திரி ஐயா சாவிக்கொத்தைக் கையில வெச்சுக்கிட்டு பேக்கிங் ஹால் நடுவுல நிக்கிறாரு. முட்டி வலி வேற அவருக்கு.

— அவரை உக்காரச் சொல்லுடி பூனை.

— சொன்னேனே. 'அடுத்த மேஸ்திரி கையில சாவியைக் குடுத்துட்டுத்தான் உக்காருவேன்'னு அடம்.

— நல்ல கூத்து. காலையில என்னை ரொட்டி குடுக்க வண்டியில ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, இங்க எல்லாரும் சேர்ந்து இந்த வேலை பண்ணியிருக்கீங்க.

— பேர் குடுத்தவங்க ஓட்டு எடுக்கறப்ப இருக்கக் கூடாது. நம்ம கூட்டுறவுச் சங்கத்து விதி. நீங்களே கை தூக்கின விதிதான்.

— நான் எங்கடி பேர் குடுத்தேன்? ஸ்லைஸ் மிஷின்காரி குடுத்தா. கேட்டா, 'சும்மா ஒரு பேச்சுக்கு'ன்னா.

— பேச்சு பலிச்சிடுச்சு.

— அந்த ரெண்டு பேர் யாரு? எனக்கு வேண்டாம்னு சொன்ன புண்ணியவான்கள்?

— ஒருத்தர் ஓவன் அண்ணே. எழுந்து நின்னே சொன்னாரு. 'ரொட்டி கருகியிருக்குன்னு என் முகத்துக்கு நேரா சொல்ற ஒரே ஆள் அவதான். மேஸ்திரி ஆயிட்டா தினமும் சொல்வா, என்னால தாங்க முடியாது'ன்னு.

— இன்னொருத்தர்?

— ஈஸ்ட்காரர். அவர் எதுக்குத்தான் கை தூக்கியிருக்காரு? டீயில சர்க்கரை போடலாமான்னு கேட்டாக்கூட எதிர்தான்.

— ஓவன் அண்ணனுக்குத்தான் புத்தி இருக்கு. நான் நன்றி சொன்னேன்னு போய்ச் சொல்லு.

— நீங்களே வந்து சொல்லுங்க.

— பூனை... விளையாடாதே. எனக்கு வேண்டாம்டி, நிஜமாவே வேண்டாம். மேஸ்திரின்னா அதட்டத் தெரியணும். எனக்கு அது வராது. எங்க வீட்டுல யாரும் யாரையும் அதட்டினதில்ல.

— எங்க வீட்டுல அது ஒண்ணுதான் நிறைய இருந்துச்சு. வேணும்னா கொஞ்சம் எடுத்துக்குங்க.

— சிரிக்க வைக்காதே. நான் கோவமா இருக்கேன்.

— யார் மேல?

— யார் மேலன்னு தெரியல... அதான் இன்னும் கோவம் வருது.

— அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? உங்கப்பா நிஜமாவே அதட்ட மாட்டாரா? ஏழு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டா?

— அவரா? முடிதிருத்துறவர். ஆளோட கழுத்துல கத்தி வெச்சிருக்கறப்பகூட யாரையும் பயமுறுத்தத் தெரியாத மனுஷன். கடையில ஒரு பெஞ்சு. அதுல உக்காந்து தினமும் ஒருத்தர் பேப்பரைச் சத்தமா படிப்பாரு. ஒருத்தர் ஆமாம்பாரு, ஒருத்தர் இல்லம்பாரு, அடிதடி வரைக்கும் போகும். எங்கப்பா ரெண்டு பேருக்கும் முடி வெட்டுவாரு. ரெண்டு பேர் சொல்றதையும் கேப்பாரு. நான் தரையில முடியைக் கூட்டிக்கிட்டே கேப்பேன்.

— அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் வாய் இவ்வளவு நீளமாயிடுச்சா?

— ஏய்...

— சரி சரி. சாப்பாட்டு விதி? அது எங்கேருந்து வந்துச்சு? பேப்பர்ல போட்டிருந்தானா?

— பேப்பராவது ஒண்ணாவது. அவர் பண்ணின தப்புலேருந்து வந்துச்சு. ஒரு நாள் ஒருத்தருக்குக் காதோரம் கீறிட்டாரு. சின்னக் கீறல்தான். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மேல பவுடரைப் போட்டு அனுப்பிட்டாரு. அந்த ஆளுக்குப் புண்ணு வெச்சு, காய்ச்சல் வந்து, பத்து நாள் படுத்துட்டாரு. எங்கப்பா தினமும் போய்ப் பார்த்துட்டு வருவாரு. பத்தாவது நாள் வந்து எங்களை எல்லாம் உக்கார வெச்சு, 'இனிமே இந்த வீட்டுல யாரு எதை உடைச்சாலும், கெடுத்தாலும், தட்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும். சொன்னவங்களை யாரும் திட்டக் கூடாது. முதல்ல நான் சொல்றேன்'னு ஆரம்பிச்சாரு. அப்ப எனக்கு ஆறு வயசு.

— ஆறு வயசுல எனக்கு என்ன தெரியும்னு சொல்லட்டுமா? காலடிச் சத்தம் கேக்காம நடக்கத் தெரியும்.

— அதான் பூனை.

— அதான் பூனை. அப்பா வேலைக்குப் போயிட்டு வந்து பாத்திரத்தை எடுத்து விளிம்பை விரலால தடவிப் பார்ப்பாரு. பிசுபிசுன்னு இருந்தா, அன்னிக்கு யார் முறையோ அவங்களுக்கு முதுகு பழுக்கும். அண்ணன் முறைன்னா நான் திருட்டுத்தனமா திரும்பக் கழுவி வெப்பேன். என் முறைன்னா அவன் கழுவி வெப்பான். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதை விட கழுவினது அதிகம்.

— உங்க அண்ணன் இன்னும்தான் சொந்த வீட்டுக்குள்ள வர்றதுக்கே மூணு தடவை கனைச்சுட்டு வர்றாரு. கல்யாணமான புதுசுல, என்னடா இந்த ஆளுக்குத் தொண்டையில வியாதியோன்னு பயந்தேன்.

— ஆனா அப்பாவை நினைச்சா பாவமாவும் இருக்கு அண்ணி. அவரு மாமா வீட்டுல ஒண்டி வளர்ந்தவரு. பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வெச்சாத்தான் தட்டுல சோறு. ஒண்ணு அழுக்கா இருந்தா அன்னிக்குப் பட்டினி. அவரு பட்டதைத்தானே அவரு குடுக்க முடியும்? இல்லாததை எங்க போய்த் தேடுவாரு?

— ம்... அதைச் சொல்லு.

— நீங்க வந்த மறுநாள் ஞாபகம் இருக்கா?

— எதுக்கு இப்ப அதெல்லாம்...

— சொல்லுங்களேன். கிளாஸ்.

— கிளாஸ் உடைஞ்சுது. கை வழுக்கிடுச்சு. அதுக்கு என்ன?

— அதுக்கு என்னவா! மறைச்சுத் தூக்கிப் போட்டிருக்கலாம். அண்ணனே குப்பைக்காகிதம் எடுத்துக்கிட்டு ஓடி வந்தான், சுருட்டி வெளிய போட. நீங்க கேக்கல. ராத்திரி எல்லாரும் தட்டு முன்னாடி உக்காந்ததும், 'மாமா, நான் இன்னிக்கு ஒரு கிளாஸை உடைச்சுட்டேன்'னு... சிரிச்ச முகமா சொன்னீங்க. அண்ணன் வாயில வெச்சதை முழுங்கல. அப்பா கை அப்படியே நின்னுச்சு. நான் மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன். பதினொண்ணு வரைக்கும் எண்ணிட்டேன்.

— நீ எண்ணினியா? எனக்குத் தெரியாதே.

— பன்னிரண்டுல, 'கை கிழிஞ்சுதா?'ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். எங்கப்பா அப்படி ஒரு வார்த்தை கேட்டு நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல அண்ணி. எனக்குப் பதினாறு வயசு அப்ப. போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு அழுதேன். சந்தோஷமா, துக்கமான்னுகூடத் தெரியல.

— அடுத்த வாரம் உங்க அண்ணன் எழுந்து, சட்டையைத் தேய்க்கறப்ப பொசுக்கிட்டேன்னு சொன்னாரு. நெத்தியெல்லாம் வேர்வை. கொலைக் குத்தத்தை ஒத்துக்கற மாதிரி!

— இப்ப அப்பாவைப் பாருங்க. தினமும் ஒண்ணு சொல்றாரு.

— பாதி பொய்டீ! முந்தாநாள் சோப்புப் பெட்டியை உடைச்சேன்னாரு. நல்லா முழுசாத்தான் இருக்கு. நாம பேசறப்ப தனக்கும் சொல்ல ஒண்ணு வேணுமாம் அவருக்கு.

— 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா'ன்னு பெரியவங்க சொல்லி வெச்சுட்டாங்க. எங்கப்பா அறுபத்திரண்டுல வளைஞ்சாரு. வளைச்சது நீங்க. அதட்டாமதான் வளைச்சீங்க. இதுக்கு மேல ஒரு மேஸ்திரிக்கு என்ன தெரியணும்?

— பேச்சைச் சுத்திச் சுத்தி அங்கேயே கொண்டு வந்துட்டியா, கெட்டிக்காரி! வரமாட்டேன்னா வரமாட்டேன்.

— ஏன் அண்ணி?

— கதவைச் சாத்து.

— சாத்திட்டேன்.

— எனக்கு ஏன் ஓட்டு விழுந்துச்சுன்னு உனக்குத் தெரியும்ல?

— நல்லவங்கன்னு.

— உப்புக்காக. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை'ன்னு சொல்வாங்க. உப்பு போடாதவளை நினைச்சு ஓட்டு போட்டிருக்கு இந்தக் கூட்டம்.

— அது... மூணு வாரம் ஆச்சே. எல்லாரும் மறந்திருப்பாங்க.

— யாரு மறந்தா? இருநூத்தி நாப்பது ரொட்டி! ஆஸ்பத்திரியிலேருந்து எல்லாத்தையும் ட்ரேயோட கொண்டு வந்து வாசல்ல இறக்கினாங்களே. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே'ன்னு ஓவன் அண்ணே ஒரு வாரம் பாடிக்கிட்டு இருந்தாரே.

— எல்லாத்தையும் இல்ல. மூணு ரொட்டி குறைஞ்சுது. யாரோ ஒரு ரத்தக்கொதிப்புக்காரர் நல்லா இருக்குன்னு சாப்பிட்டுட்டாராம்.

— அவருதான் எனக்குப் பதினேழாவது ஓட்டு... சரி, கேளு. அன்னிக்கு நடந்ததைச் சொல்றேன். மிக்ஸர் மேல உப்பு அளக்கற கிண்ணம் எப்பவும் இருக்கும்ல? உப்பு போடறதுக்கு முன்னாடி நிமிந்திருக்கும், போட்டாச்சுன்னா கவிழ்த்து வைக்கணும். மேஸ்திரி ஐயா வெச்ச பழக்கம். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் மிஷினை ஓட்டுவாங்க.

— தெரியும் அண்ணி.

— நான் மாவு போட்டேன், தண்ணி ஊத்தினேன், ஈஸ்ட் போட்டேன். அதுக்குள்ள மைதா லாரி வந்துடுச்சு. போய் மூட்டையை எண்ணி இறக்கிட்டு வந்தேன். வந்து பார்த்தா கிண்ணம் கவிழ்ந்திருந்துச்சு. மேஸ்திரி ஐயா போட்டிருப்பாருன்னு மிஷினைப் போட்டுட்டேன். மாவை ஒரு கிள்ளு வாயில போட்டுப் பார்த்திருக்கணும். எப்பவும் பார்ப்பேன், அன்னிக்குப் பார்க்கல. அது என் தப்புதான். ஆனா...

— ஆனா?

— நான் எழுந்து அந்த ஆஸ்பத்திரிக்காரர்கிட்ட என்ன சொன்னேன்? 'கிண்ணத்தை மறதியா கவிழ்த்தது நான்தான்'னு சொன்னேன். அது பொய். நான் கவிழ்க்கல.

— ம்... சொல்லுங்க.

— 'பேரைச் சொல்லுங்க, இல்லேன்னா நாளையிலேருந்து ரொட்டியே வேண்டாம்'னு அவரு குதிக்கிறாரு. எல்லாரும் தரையைப் பார்க்கறாங்க. நான் சொல்லிட்டேன். தண்டனையா மூணு வாரம் ட்ரே கழுவினேன், அதுல எனக்கு வருத்தமே இல்ல. கை வெந்துது, ஆறிடுச்சு. ஆனா பார்க்கறவங்க எல்லாம், 'என்ன நேர்மை, என்ன நேர்மை'ன்னு... டீ வாங்கித் தர்றாங்க, எழுந்து இடம் தர்றாங்க. இப்ப சாவியே தர்றாங்க. பொய் சொன்னதுக்குப் பரிசா நேர்மைப் பட்டம்! எங்கப்பா இருந்திருந்தா பெஞ்சுல உக்காந்து சிரிச்சிருப்பாரு.

— போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்கிக்கலாமே.

— சொன்னா, 'அப்ப கவிழ்த்தது யாரு?'ன்னு கேப்பாங்க. பேர் சொல்லாம விட்டா, ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமா பார்த்துக்கிட்டே திரிவாங்க. சாவியை வாங்கிட்டு வாயை மூடிக்கிட்டா, முதல் நாளே பொய் மேல உக்கார்ற மேஸ்திரி நான். எப்படிப் பார்த்தாலும் முட்டுச்சந்து. அதான் வேண்டாங்கறேன்.

— உங்களுக்குத் தெரியுமா... கவிழ்த்தது யாருன்னு?

— தெரியாது.

— அண்ணி.

— தெரியாதுன்னேனே. லாரியைப் பார்க்கப் போயிட்டேன்ல.

— என்னைப் பார்த்துச் சொல்லுங்க.

— உன் முகத்துல என்ன எழுதி ஒட்டியிருக்கு, பார்க்கறதுக்கு? நீ முதல்ல போ. அண்ணிக்கு மனசு சரியில்லைன்னு சொல்லு. சாவியை ஓவன் அண்ணன்கிட்டயே குடுக்கச் சொல்லு.

— அவருக்கு வேண்டாமாம். 'எனக்கு அதட்ட மட்டும்தான் தெரியும்'னு அவரே சொல்லிட்டாரு.

— அவருமா...

— நான் ஒண்ணு சொல்லணும் அண்ணி. சிரிக்கக் கூடாது, குறுக்க பேசக் கூடாது.

— ரெண்டும் கஷ்டம். சொல்லு.

— என்னை இந்த வேலைக்குக் கூட்டிக்கிட்டு வந்தது நீங்க. முதல் நாள் நான் வாசல்லயே நின்னேன், உள்ள வரக் காலே வரல. நீங்க கையைப் பிடிச்சு இழுக்கல, 'வா'ன்னுகூடச் சொல்லல. எனக்குப் பக்கத்துல வந்து வாசல்லயே நின்னுட்டீங்க. பதினஞ்சு நிமிஷம். மேஸ்திரி ஐயா உங்களைத் திட்டினாரு, நீங்க அசையல. அப்புறம் நானேதான் உள்ள வந்தேன். அதுக்கு நான் நன்றியே சொன்னதில்ல. எங்க வீட்டுல அந்த வார்த்தை புழங்கினதில்ல, எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நான் இன்னிக்கு நாலு பேர் நடுவுல சிரிக்கிறேன்னா, எங்கப்பா ராத்திரி சாப்பிட உக்கார்றப்ப நான் எண்ண ஆரம்பிக்கலைன்னா, அது உங்களாலதான். என்னைப் பெத்தது அப்பா அம்மா. ஆளாக்கினது நீங்க.

— போதும்டி... மாவுக் கையால கண்ணைத் துடைச்சா பசையாயிடும்.

— இப்பவாவது சொல்லுங்க. யாருன்னு தெரியும்தானே?

— ...தெரியும்.

— எப்ப தெரியும்?

— அன்னிக்கே. ரொட்டி திரும்பி வந்ததுமே கிண்ணம் ஞாபகத்துக்கு வந்துடுச்சு. அது ஈரமா இருந்துச்சுடி. உப்பு போட்டுட்டுக் கவிழ்க்கிறவங்க யாரும் கழுவிட்டுக் கவிழ்க்க மாட்டாங்க. இங்க பத்தொன்பது பேர் இருக்கோம். யாரோ குடிச்சு வெச்ச டம்ளரைப் பார்த்தாக்கூடக் கை தானா குழாய்க்குப் போறது ஒருத்திக்கு மட்டும்தான். ஆஸ்பத்திரிக்காரர் கத்தறப்ப உன் பக்கம் பார்த்தேன். ரெண்டு கையையும் ஏப்ரனுக்குள்ள விட்டுக்கிட்டு நின்னே. உதடு அசைஞ்சுது. சாமி கும்பிடறியோன்னு நினைச்சேன்... எண்ணிக்கிட்டு இருந்தியா?

— நாப்பது வரைக்கும்.

— அதுக்கு மேல உன்னை எண்ண விட எனக்கு மனசு வரல. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம் நீயா சொல்லுவேன்னு இருந்தேன். மூணு வாரமா சாப்பாட்டுல நான்தான் கடைசியா எழுந்திருச்சேன், கவனிச்சியா? எல்லாரும் கை கழுவினதுக்கு அப்புறமும் தட்டையே தடவிக்கிட்டு இருப்பேன். நீ வாயைத் திறப்பே, தண்ணியைக் குடிப்பே, எழுந்து போயிடுவே.

— கிளாஸ் வேற அண்ணி... இருநூத்தி நாப்பது ரொட்டி வேற. அதுவும் நீங்க ஏத்துக்கிட்ட பிறகு...

— தெரியும்டி. உன் மேல எனக்குக் கோவமே இல்ல. ஆனா இப்ப நான் வெளிய போய் உண்மையைச் சொன்னா, அத்தனை கண்ணும் உன் பக்கம் திரும்பும். பத்து வருஷமா கொஞ்சம் கொஞ்சமா நிமிந்தவ நீ. மறுபடியும் சத்தம் வராம நடக்க ஆரம்பிச்சுடுவே. ஒரு சாவிக்கொத்துக்காக என்னால அதைப் பார்க்க முடியாது. அதனாலதான் வரமாட்டேங்கறேன். போதுமா? போ, போய்ச் சொல்லு.

— அவங்களுக்குத் தெரியும் அண்ணி... காலையில உங்க வண்டி தெரு முனை திரும்பின உடனே, ஓட்டு எடுக்கறதுக்கு முன்னாடியே, நான் எழுந்து நின்னுட்டேன். மிக்ஸரைப் பிடிச்சுக்கிட்டேன். 'கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தது நான்தான். அண்ணி எனக்காகத்தான் பொய் சொன்னாங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்டு ஓட்டு போடுங்க'ன்னு சொன்னேன். யாரும் திட்டல. மேஸ்திரி ஐயாதான், 'இத்தனை வருஷத்துல இந்தப் பொண்ணு நாலு பேர் முன்னாடி பேசி நான் கேட்டதில்ல. இதைப் பேச வெச்சவகிட்ட என் சாவியைக் குடுக்கறேன்'னாரு. அப்புறம்தான் கை தூக்கினாங்க, பதினாறு பேர். நாளையிலேருந்து மூணு வாரம் ட்ரே கழுவறது என் முறை, நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். அவங்க அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டேன் அண்ணி... உங்க ஒருத்தர்கிட்ட சொல்லத்தான் இவ்வளவு நேரம் எனக்கு வாய் வரல.